மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம், "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு கண்ணா" என்பது. கண்ணன் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்வான். "இவனுக்கு ரொம்பக் கூச்சம்" என்று அவன் காதுபடவே சொல்வோம். அந்தக் 'காதுபட' என்பதோடுதான் எனக்கு முப்பது வருடச் சண்டை.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" வராது, விரல் மட்டும் உயரும். சொல்கிறவரை உட்காரக் கூடாது என்று நிறுத்தினேன். மதிய மணியே அடித்துவிட்டது, வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் மூன்று நாள் வயிற்றுவலி என்று வரவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அப்புறம் ஒரு மூத்த டீச்சர் சொன்னபடி, சத்துணவுத் தட்டுகளை எண்ணி வைக்கிற வேலையை அவளுக்கும் ஒரு வாயாடிக்கும் கொடுத்தேன். கவனியுங்கள், முப்பது பேர் முன்னால் இல்லை, ஒரே ஒருத்தியோடு. கையிலும் ஒரு வேலை. ஒரு வாரத்தில் சத்தம்: "டீச்சர், இவ தப்பா எண்றா!" அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே கோள்தான்!

பிள்ளைகள் பழகக் கற்பது அப்படித்தானே, காய் விட்டு, பழம் விட்டு. ஒதுங்கியே நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடைக்காது. பழக்கம் இல்லாததால் இன்னும் ஒதுங்கும்.

பிறவிக் குணம் என்பீர்கள். ஓரளவு உண்மை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகளைக் காட்டினார், புதுக் குரல்களைக் கேட்கவைத்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கைகால் உதறி அழுதது. பின்னாளில் கூச்சம் அதிகம் தெரிந்தது அவர்களிடம்தான். ஆனால் எல்லோரிடமும் இல்லை.

சீனாவில் இன்னும் வேடிக்கை. 1990இல் நகரப் பள்ளிகளில் கூச்சமுள்ள பிள்ளையைச் சக பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. 2002இல் அதே கூச்சத்துக்காக ஒதுக்கினார்கள். இடையில் நாடு மாறி, முந்திக்கொள்கிறவனுக்கு மதிப்பு வந்துவிட்டது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கூச்சப்படுகிற அப்பாக்களைப் பற்றியும் பேசத்தான் வந்தேன். சரி, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் லொடலொடவென்று பேசுகிற பிள்ளை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை என்றால் (சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் விட்டுவிடுங்கள்) அதைப் பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். அது பதற்றமாக இருக்கலாம். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வணக்கம்.