தூண்டியது பிறந்த வீடுதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒருவரைத் தேர்தலில் நிற்கத் தூண்டுவது உழைப்பாளி வீட்டு வளர்ப்பா, படித்துப் பெற்ற கொள்கையா என்பது தலைப்பு. வளர்ப்புதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "கஷ்டப்பட்டவர்கள் எல்லாம் வேட்பாளராகிவிட்டார்களா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நல்ல கேள்விதான், வருகிறேன்.

முதலில் அனூரின் பெவன். பிரிட்டன் அரசியல்வாதி; வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 13 வயதில் பள்ளியை விட்டு அவரும் சுரங்கத்தில் இறங்கினார். 1922இல் உள்ளூர் மன்ற உறுப்பினர். 1925இல், நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி படிந்த அப்பா மூச்சுத் திணறி மகன் கையிலேயே இறந்தார். நஷ்டஈடு? ஒரு காசு கிடையாது. அன்றைய சட்டப் பட்டியலில் அது தொழில்நோயாகவே சேர்க்கப்படவில்லை! கொன்றது தூசி, கைவிட்டது பட்டியல். அந்தப் பட்டியல் எழுதப்படும் நாடாளுமன்றத்துக்கு 1929இல் பெவன் போய்ச் சேர்ந்தார். சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று, எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். அதற்கு மாதிரி எங்கே கிடைத்தது தெரியுமா? அவர் ஊர்த் தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தில்.

"அவரை அமைச்சராக்கிய பிரதமர் அட்லி வசதியான வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையாயிற்றே?" என்றார்கள். உண்மைதான். ஆனால் அட்லியின் மனம் மாறியது ஆக்ஸ்ஃபோர்டு வகுப்பிலா? லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பையன்களுக்கான மன்றம் ஒன்றை நடத்தி, அங்கேயே தங்கியபோதுதானே? அவர் தேடிப் போய்ப் பார்த்ததைப் பெவன் பிறந்த வீட்டிலேயே பார்த்தார். நன்றி, எங்களுக்கு ஒரு சாட்சி கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, ஏன் எல்லோரும் நிற்கவில்லை? பிரிட்டனின் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெயர் ஹார்டியைப் பாருங்கள். பத்து வயதில் சுரங்க இருட்டில் உட்கார்ந்து, உள்ளே காற்று போகக் கதவைத் திறந்து மூடிய பையன். எழுதப் படிக்கக் கற்றது வீட்டிலும் இரவுப் பள்ளியிலும். 1892இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அப்போது அந்தப் பதவிக்குச் சம்பளமே கிடையாது! 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு என்று வைத்தார்கள். அதுவரை சொத்து உள்ளவன் போகலாம்; கூலிக்காரன் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இன்றைக்கும் ஷிஃப்ட் வேலைக்காரர் பிரச்சாரத்துக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. டெபாசிட் பணம் வேறு. ஆசை வந்தவர்கள் ஆயிரம் பேர், நிற்க முடிந்தவர்கள் சிலர். வாசலைப் பூட்டி வைத்துவிட்டு, "ஏன் யாரும் உள்ளே வரவில்லை?" என்று கேட்டால் எப்படி ஐயா?

பதவிக்குப் போனபின் வீட்டை மறந்தவர்களும் உண்டு. மறுக்கவில்லை, அதற்குத் தனிப் பட்டிமன்றமே வைக்கலாம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடிக்கிறேன். எதிரணியில் அடுத்து வருபவர் அந்தச் சம்பளக் கணக்குக்கு மட்டும் பதில் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.