அந்தக் குடுகுடு சத்தம் யாரோடது? ராக்கி எரிக்சன் பத்தி ஒரு சந்தேகம்

அடுத்த சந்தேகம், அமெரிக்க ராக் பாடகர் ராக்கி எரிக்சன் பத்தி. "ராக்கி எரிக்சன் இறந்துட்டார்னு தெரிஞ்ச பிறகுதான் அவர் பாட்டையே கேட்டேன். 'யூ ஆர் கோனா மிஸ் மீ' பாட்டுல குடுகுடுன்னு ஒண்ணு விடாம ஓடுதே, அது கிட்டாரா, அவர் குரலா? வீட்டுல அதை எடுக்க முடியுமா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்கார்.

ரெண்டும் இல்லைங்க. அது ஜாடி. எலக்ட்ரிக் ஜக்னு சொல்வாங்க. வாசிச்சது ராக்கியும் இல்லை, அவரோட டெக்சஸ் ராக் குழுவான தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்ல கூட இருந்த டாமி ஹால். ஜாடின்னதும் நமக்குக் கடம் ஞாபகத்துக்கு வரும், ஆனா இது தட்டுற வாத்தியம் இல்லை. அமெரிக்காவுல பழைய ஜக் பேண்டுகள்ல உதட்டை அதிரவிட்டு ஜாடிக்குள்ள ஊதி, பேஸ் மாதிரி வாசிப்பாங்க. டாமி ஹால் ஊதலை. ஜாடி வாயில மைக்கைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, தொண்டையாலயே உள்ள குரல் கொடுத்தார். ஜாடி அதுக்கு எதிரொலி அறை.

வீட்டுல செய்யணும்னா, கழுத்து ஒடுங்கின பீங்கான் ஜாடி ஒண்ணு எடுங்க. 2 லிட்டர் கொள்ளளவு, வாய் 3 செ.மீ. அகலம், கழுத்து 4 செ.மீ. நீளம்னா, அது சுமார் 130 ஹெர்ட்ஸ்ல முழங்கும். ஆண் குரல் சுலபமா தொடுற இடம்தான். பெண் குரலுக்கு 1 லிட்டர் தண்ணி ஊத்துங்க, உள்ள காத்து பாதியாகி 185 பக்கத்துல போயிடும். 'டுகு டுகு'ன்னு நாக்கை முன்னும் பின்னும் மாத்திச் சொல்லணும். வெறும் 'டு டு டு'ன்னா வேகமான பாட்டுல பத்து விநாடியில நாக்கு தளர்ந்துடும்.

பெரும்பாலும் சொதப்புறது மைக்லதான். கன்டென்சர் மைக் வேண்டாம், மூச்சு ஈரத்துல கெட்டுப்போகும். டைனமிக் மைக்ல ஸ்பாஞ்ச் உறை போட்டுக்குங்க. மைக்கால ஜாடி வாயை முழுசா அடைச்சா முழக்கமே வராது, பாதியாவது திறந்திருக்கணும். ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா ஜாடி தன் சுருதியிலேயே ஊளையிட ஆரம்பிச்சுடும். அப்போ ஈக்வலைசர்ல (சுருதி வாரியா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) அந்த 130-ஐ மட்டும் குறைங்க. கடைசியா ரிவெர்ப், அதாவது எதிரொலி எஃபெக்ட், தாராளமாவே. அது இல்லாம கேட்டா யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரிதான் இருக்கும்.

சரி, அப்போ ராக்கியோட பங்கு என்ன? இதே பாட்டை அவர் 1965-ல 'ஸ்பேட்ஸ்'ங்கிற முந்தின குழுவோட பதிவு பண்ணியிருக்கார். அதுல ஜாடி கிடையாது. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. பாட்டும் அந்த அலறலும் அவரோடதுன்னு உடனே தெரிஞ்சுடும். எலிவேட்டர்ஸோட ஜாடி சேர்ந்த 1966 பதிவுதான் அமெரிக்க ஹிட் பட்டியலான பில்போர்டுல 55-வது இடம் வரைக்கும் போச்சு. டெக்சஸ்காரங்களுக்கு அது பெரிய விஷயம், ஆனா அந்தக் குழுவுக்கு அதுக்கு மேல ஒரு ஹிட்டும் அமையலை.

1969-ல ராக்கி டெக்சஸ்ல இருக்கிற ஆஸ்டின்ல கஞ்சா வச்சிருந்ததா பிடிபட்டார். சிறைக்குப் போகாம இருக்க, புத்தி சரியில்லைன்னு வாதாடினாங்க. அதனால ரஸ்க் அரசு மனநல மருத்துவமனையில 1972 வரைக்கும் அடைபட்டுக் கிடந்தார். தண்டனையைவிடத் தப்பிக்கிற வழியே கொடுமையா முடிஞ்ச வழக்கு அது. 2019 மே 31-ல ஆஸ்டின்ல காலமானப்போ அவருக்கு 71 வயசு.

ஜாடி மறைக்காம அவர் குரலைக் கேட்கணும்னா 1981-ல வந்த 'தி ஈவில் ஒன்' வாங்குங்க. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவோட ஸ்டூ குக் தயாரிப்பு. பேயும் பிசாசுமா இருந்தாலும் கிட்டார் சுத்தமா இருக்கும். வயசான குரலுக்கு 2010-ல ஓக்கர்வில் ரிவர் குழுவோட செஞ்ச ஆல்பம். எலிவேட்டர்ஸ்ல 1966 முதல் ஆல்பமும் 1967 'ஈஸ்டர் எவ்ரிவேர்'உம் போதும்.

1968-ல வந்த எலிவேட்டர்ஸோட 'லைவ்' ஆல்பத்தை மேடைக் கச்சேரின்னு நம்பி வாங்கிடாதீங்க. ஸ்டுடியோவுல மிஞ்சின பதிவுகள் மேல கைதட்டலை ஒட்டின வேலை அது. பாட்டு நடுவுல சம்பந்தமே இல்லாம கூட்டம் ஆர்ப்பரிக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சுடலாம்.