டிகாக்ஷன் காக்டெய்ல்: மெஷின் வேண்டாம், ஃபில்டர் போதும்

[காட்சி: காரைக்குடி வீட்டுச் சமையலறை. எவர்சில்வர் ஃபில்டர், கருப்பட்டி, ஐஸ், ஒரு பாட்டில் டார்க் ரம்]

காபி காக்டெய்ல் என்றதும் முதல் கேள்வியே, "எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வேணுமா?" என்பதுதான். வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற ஃபில்டர் போதும். ஆனால் காலைக் காபிக்கு இறக்குகிற டிகாக்ஷன் இதற்குப் பத்தாது. இன்னும் திக்காக வேண்டும்.

[காட்சி: தூளை நிறுக்கிறார்கள்]

காபித்தூள் 40 கிராம். சிக்கரி 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மேல் அடுக்கில் போட்டு லேசாக அமர்த்துங்கள். கொதித்து இறக்கிய தண்ணீர் 150 மில்லி. தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தூளே பிடித்துக்கொள்ளும், அதனால் கீழே 70 மில்லி போலத்தான் இறங்கும். இறுக்கி அமர்த்தினால் சொட்டுவதே நின்றுபோகும்; அமர்த்தாமல் விட்டால் கடகடவென்று தண்ணியாக இறங்கிவிடும். இரண்டாம் டிகாக்ஷன் பால் காபிக்கு, இதற்கு ஆகாது.

[காட்சி: அடுப்பில் பாகு]

கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரைந்ததும் இறக்கித் துணியில் வடிகட்டுங்கள். நல்ல உடன்குடிக் கருப்பட்டியிலும் மண் இருக்கும். கம்பிப் பதம் வரை காய்ச்சினால் ஐஸ் பட்டதும் இறுகிவிடும்.

[காட்சி: அகல வாய், திருகு மூடி போட்ட எவர்சில்வர் பாட்டில்]

லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் 1980-களில் உருவாக்கிய எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினி என்ற காபி காக்டெய்லில் ஓட்காவும் காபி லிக்கரும் (காபி சுவையுள்ள இனிப்பு மது) சேரும். நம் ஊர்க் கடையில் காபி லிக்கர் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், சிக்கரிக்கும் கருப்பட்டிக்கும் ஓட்காவைவிட ரம்தான் ஒத்துப்போகிறது.

ஒரு கிளாஸுக்கு: ரம் 45 மில்லி, அதாவது ஒன்றரை ஸ்மால். ஆறிய டிகாக்ஷன் 40 மில்லி. பாகு 20 மில்லி. பெரிய ஐஸ் கட்டி ஏழெட்டு. எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகி, 15 விநாடி கை வலிக்கக் குலுக்குங்கள். டீ வடிகட்டி வழியாக, ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் ஊற்றுங்கள்.

நுரை வரவில்லையா? டிகாக்ஷன் தண்ணியாக இருந்திருக்கும், அல்லது ஐஸ் குறைவு. எஸ்பிரெஸ்ஸோ போல டிகாக்ஷனில் இயல்பாக நுரை கிடையாது. குலுக்கித்தான் காற்றை ஏற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் இரண்டு கேடு: ஐஸ் கரைந்து எல்லாம் நீர்த்துப்போகும், உள்ளே அழுத்தம் ஏறி மூடியும் தெறிக்கும். சித்திரை வெயிலில் ஐஸை வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்காதீர்கள், கடைசியாக எடுங்கள். கருவாடு வைத்த ஃப்ரீசர் ஐஸ் என்றால், அந்த வாடை அப்படியே கிளாஸுக்கு வரும்.

காபி தூக்கத்தைத்தான் விரட்டும், போதையைக் குறைக்காது. இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள், வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். தொட்டுக்கொள்ளச் சீப்புச் சீடை இருந்தால் ரொம்பப் பொருத்தம்.

[காட்சி: உயரமான கிளாஸ், டானிக் வாட்டர்]

21 வயது ஆகாதவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் காபி டானிக். கிளாஸ் நிறைய ஐஸ், டானிக் வாட்டர் (குயினைன் சேர்த்த கசப்புச் சோடா) 120 மில்லி, அதன் பிறகு டிகாக்ஷன் 30 மில்லியைக் கரண்டியின் பின்புறம் வழியே மெல்ல விடுங்கள். வேகமாக ஊற்றினால் பொங்கி மேடையெல்லாம் வழியும். இதற்கு மட்டும் சிக்கரி இல்லாத தூள். குயினைன் கசப்போடு சிக்கரிக் கசப்பும் சேர்ந்தால் நாக்கு தாங்காது. எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு போதும், சாறு வேண்டாம்.

[காட்சி: சூடான தம்ளர், மேலே கிரீம்]

ஐரிஷ் காபி (விஸ்கி கலந்த சூடான காபி, மேலே கிரீம்) செய்கிறவர்களுக்கு ஒன்று: பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் போலத்தான். எவ்வளவு அடித்தாலும் சரியாகப் பொங்காது, காபிக்குள் மூழ்கிவிடும். 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள விப்பிங் கிரீமைக் குளிர வைத்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதத்தில் அடிப்பதை நிறுத்துங்கள்.

மீந்த பாகு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.