டாங்கோவும் கட்டியக்காரனும்

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் டாங்கோ என்னும் தென்னமெரிக்க ஆட்ட இசைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிற பஸ்ஸில் பாருங்கள், நம் பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரே சோகப் பாட்டை ஊர் வந்து சேரும்வரை ஓடவிடுகிறார்கள். என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது டாங்கோ.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், உருகுவேயின் மொண்டெவிடியோ துறைமுக ஊர்களில் உருவான இசை அது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், நாட்டுப்புறத்திலிருந்து வந்த கூலிகள் எல்லோரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் உயிர் பேண்டோனியன் என்னும் வாத்தியம். ஜெர்மனியில் பிறந்தது. நம் கூத்து ஆர்மோனியத்தைப் போலவே, துருத்திக் காற்று உலோக நாக்குகளை அதிரவைத்துத்தான் அதிலும் ஒலி வருகிறது. ஆனால் இதை மடியில் வைத்து இரண்டு கையாலும் இழுத்து அமுக்க வேண்டும். ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரமும் அமுக்கும்போது வேறு சுரமும் தரும். உற்றுக் கேட்டால் துருத்தி மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும்.

பழைய டாங்கோ குழுக்களில் பெரும்பாலும் மேளம் கிடையாது. பியானோவும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும்தான் தாளம். அது இழுக்கும், நிற்கும், சட்டென்று வெட்டும். அடுத்த அடிக்காக உடம்பு காத்துக்கொண்டே இருக்கும். விழுந்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் மறுபடியும் மறுபடியும் கேட்கிறோம்.

1959இல் அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலா கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது அவருடைய தந்தை இறந்துபோனார். நியூயார்க் திரும்பியவர் உருவாக்கியதுதான் 'அடியோஸ் நோனினோ'. 'போய் வா, நோனினோ' என்று அர்த்தம்; நோனினோ என்பது அவருடைய அப்பாவின் செல்லப்பெயர். முதலில் பதற்றம், அப்புறம் அது தணிந்து ஒரு நீண்ட மெட்டு வரும். அந்த இடத்தில் நானும் என் அப்பாவை நினைத்து அழுதிருக்கிறேன். அந்த அழுகை நல்லது. ஆனால் அதையே தினமும் ராத்திரி இரண்டு மணிவரை கேட்டபோது, அழக் காரணமே இல்லாமல் மனசு கனத்தது. வீட்டில் பேசினால் எரிச்சல் வந்தது. யாராவது கூப்பிட்டால் போனை எடுக்கத் தோன்றவில்லை. ஒன்றையே அசைபோடும் சுபாவக்காரர்களுக்குச் சோக இசை பாரத்தைக் கூட்டக்கூடும் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். நான் அந்த ரகம்.

டாங்கோக்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டக்கூடத்துக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே மூன்று நான்கு பாட்டுக்கு ஒருமுறை 'கோர்த்தினா' வரும். டாங்கோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு இசையைக் கொஞ்ச நேரம் போடுவார்கள். ஜோடிகள் பிரிந்து போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அரட்டை அடிப்பார்கள்.

நம் கூத்திலும் இதே ஏற்பாடு உண்டு. கர்ண மோட்சம் கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி கதறும்போது சனமே அழும். கொஞ்ச நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து சிரிக்கவைப்பான். அழுகை தொடரும், ஆனால் நடுவில் ஆள் மீண்டிருப்பார். ஒப்பாரி வைக்கிறவர்கள்கூடத் தனியாக வைப்பதில்லை. போன்தான் நம்மைத் தனியாக உட்காரவைத்து, கட்டியக்காரனை வெளியே அனுப்பிவிட்டது.

ஆகவே, அந்த 'அடியோஸ் நோனினோ'வை இப்போது எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு முறை கேட்போம். முடிந்ததும் வெளியே டீ இருக்கிறது. குடித்துவிட்டு வாருங்கள், கேள்விகளை அப்புறம் பேசலாம்.