தாரில் இரண்டாவது பேட்டரி: வாங்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

[காட்சி: பின்கதவு திறந்த மஹிந்திரா தார், உள்ளே 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்]

வணக்கம். சமவெளி வெயிலில் கிளம்பி மணாலி வழியாக இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டி வரை போகப் போகிறீர்கள், பின்னால் ஒரு கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், ராத்திரிக்கு விளக்கு, கேமரா, லேப்டாப் சார்ஜிங். எல்லாம் வண்டியின் ஒரே பேட்டரியில் ஓடினால் காலையில் செல்ஃப் எடுக்காது. ஸ்டார்ட்டர் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காகச் செய்தது. மெதுவாக அடிவரைக்கும் காலி செய்தால் சீக்கிரமே செத்துவிடும். அதனால்தான் இரண்டாவது பேட்டரி. அதை மாட்டிவிடுகிறார்கள், ஆனால் அதற்குச் சார்ஜ் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

[காட்சி: எஞ்சின் ஓட, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர்]

எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே வோல்டேஜைப் பாருங்கள். 14 வோல்ட்டுக்கு மேல் ஆடாமல் நிற்கிறது, இரண்டாவதும் லெட்-ஆசிட் பேட்டரிதான் என்றால், ஒரு வோல்டேஜ் ரிலே, அதாவது வோல்டேஜைப் பார்த்துத் தானாக இயங்கும் சுவிட்ச் போதும். 13.3 வாக்கில் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8 வாக்கில் பிரித்துவிடும். பழைய ஜீப்புக்கு இதற்குமேல் செலவு வேண்டாம்.

ஆனால் இப்போது வரும் பல பிஎஸ்6 வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்). ஸ்டார்ட்டர் பேட்டரி நிறைந்ததும், டீசல் மிச்சம் பிடிக்க, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே வோல்டேஜை 12.5 வாக்கில் இறக்கிவிடும். ரிலேயும் பிரிந்துவிடும். நாள் முழுக்க ஓட்டினாலும் பின்னால் பேட்டரி பாதிகூட ஏறியிருக்காது. இங்கே டிசி-டிசி சார்ஜர்தான் வழி: உள்ளே 12.5 வந்தாலும் வெளியே 14.4 ஆக உயர்த்தி, பேட்டரி வகைக்கு ஏற்றபடி கொடுக்கும். லித்தியம் பேட்டரி என்றால் எந்த வண்டிக்கும் இதுவே சரி, ஏனென்றால் நேரடியாக இணைத்தால் அது இழுக்கிற ஆம்பியரில் ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகும், அதுவும் மலையில் ஊர்ந்து போகும்போது.

[காட்சி: 6 ஸ்கொயர், 16 ஸ்கொயர் வயர்கள் பக்கம் பக்கமாக]

அடுத்தது வயர். என்னைக் கேட்டால் சார்ஜரை விட இதுதான் முக்கியம். 25 ஆம்பியர் சார்ஜர், 14.4 வோல்டில் 360 வாட் கொடுக்கிறது. நஷ்டத்தையும் சேர்த்தால் 12.5 வோல்டில் சுமார் 32 ஆம்பியர் உள்ளே இழுக்கும். பானெட்டிலிருந்து பின்பக்கம் போக 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர் தடிமன்) செம்பு வயரில் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும், 16 ஸ்கொயரில் 0.4க்குள் நிற்கும். வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃபியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, நடுவில் வயர் பாடியில் உரசினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். சார்ஜர் கையேடு சொல்லும் அளவு, பெரும்பாலும் 40 முதல் 60 ஆம்பியர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருந்தால் அந்த முனையிலேயே வயரைக் கட்டாதீர்கள். வண்டியின் உலோக உடலில் இருக்கும் சேஸிஸ் எர்த்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கரண்ட் சென்சார் கணக்கில் வராது.

அப்புறம் குளிர். அக்டோபரில் ஸ்பிட்டியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பேட்டரியைக் கேபினுக்குள் வையுங்கள், குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பானெட்டுக்குள் வேண்டவே வேண்டாம், அங்கே சூடு.

[காட்சி: லக் முனையைத் தொட்டுப் பார்க்கும் கை]

எல்லாம் மாட்டியதும் ஃப்ரிட்ஜைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு லக்கையும், அதாவது வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தையும், தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் சுட்டால் அந்த கிரிம்ப், அதாவது வயரோடு லக்கை நசுக்கிப் பிடித்த இணைப்பு, சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.