சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவரைக் கத்தோலிக்கக் குருவாக்கும் குருத்துவ அருள்பொழிவுத் திருப்பலியை நேரில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். முழந்தாளிட்டிருக்கும் இளைஞரின் தலைமீது ஆயர் கைகளை வைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் செபிப்பார். அதோடு முடிவதில்லை. வந்திருக்கும் குருக்கள் எல்லோரும் வரிசையாக வந்து அதே தலையில் கை வைத்துவிட்டுப் போவார்கள். அறுபது பேர் வந்திருந்தால் அறுபது பேரும். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகக்கூடத் தோன்றலாம். குனிந்திருப்பவருக்கு அப்படித் தோன்றாது. என் அருள்பொழிவில் சிலர் பட்டும் படாமல் தொட்டார்கள், சிலர் அழுத்தினார்கள், ஒரு முதியவரின் கை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு எது யாருடைய கை என்று தெரியவில்லை. இத்தனை பேரும் இனி எனக்கு அண்ணன் தம்பி என்பது மட்டும் உறைத்தது.

குருக்கள் சேர்ந்து வாழும் குழும வாழ்வைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். துறவற சபைக் குருக்கள் சேர்ந்து வாழ்வார்கள், ஓர் ஆயரின் கீழ் பங்குகளில் பணிபுரியும் மறைமாவட்டக் குருக்கள் தனியாக இருப்பார்கள் என்பதுதான் பொதுவாக மக்கள் மனதில் இருக்கும் கணக்கு. ஆனால் திருஅவை இரு தரப்பாருக்கும் சேர்த்தே யோசித்திருக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று குருக்களின் பணியையும் வாழ்வையும் பற்றி வெளியிட்ட ஏட்டில், எட்டாம் எண்ணைப் புரட்டிப் பாருங்கள். முடிந்தால் ஒரே வீட்டில் வாழுங்கள், இல்லையென்றால் ஒரே மேசையில் சாப்பிடுங்கள், அதுவும் முடியாவிட்டால் அடிக்கடி கூடுங்கள் என்கிறது. ஒரு தாய் பிள்ளைகளிடம் பேரம் பேசுவது போல, படிப்படியாக இறங்கி வந்து கேட்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பின் 280ஆம் சட்டமும் இப்படித்தான். கூட்டு வாழ்வை மிகவும் பரிந்துரைக்கிறது, கட்டளையாக்கவில்லை. பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையரும் பங்கு இல்லத்தில் ஓரளவாவது சேர்ந்து வாழும்படி ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 550ஆம் சட்டம் சொல்கிறது. அந்த ‘ஓரளவாவது’ என்ற சொல்லைப் போட்டவர் பங்கு இல்லத்தில் வாழ்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வாழ்வின் இலட்சியம் என்ன என்று என்னைக் கேட்டால், நான் ஹிப்போ நகரத்துக்குத்தான் போவேன். வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருந்த ஊர் அது. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் புனித அகுஸ்தினார் அங்கே ஆயரானபோது, தம் குருக்களையும், குருவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் திருத்தொண்டர்களையும் ஆயர் இல்லத்திலேயே தம்மோடு தங்க வைத்தார். தனிச்சொத்து யாருக்கும் கிடையாது. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின் நான்காம் அதிகாரத்தில் வருகிறதே, ‘ஒரே உள்ளமும் ஒரே உயிருமாய்’ என்று, அதுதான் வீட்டுச் சட்டம்.

பல ஆண்டுகள் எல்லாம் சரியாகத்தான் போனது. அகுஸ்தினாருக்கு எழுபது வயது கடந்தபோது, அந்த வீட்டுக் குருக்களில் ஒருவரான யனுவாரியுஸ் இறந்துபோனார். குருவாகுமுன் குடும்பஸ்தராக இருந்தவர், மகனும் மகளும் உண்டு. இருவரும் துறவு இல்லங்களில் இருந்தார்கள். யனுவாரியுஸிடம் கொஞ்சம் பணம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு வயது வரவில்லை, அவளுக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். சாகும்போது பார்த்தால் உயில்! பணம் என்னுடையது, பிள்ளைகளுக்கு இல்லை, திருஅவைக்கு எழுதி வைக்கிறேன் என்று.

வேறு நிர்வாகியாக இருந்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்திருப்பார். அகுஸ்தினார் தொடவில்லை. மக்களைக் கூட்டிப் பீடத்தின் முன் வெளிப்படையாகச் சொன்னார்: நம்மோடு வாழ்ந்தவர், ஒன்றுமில்லாதவர் போல இருந்தவர், உயில் எழுதியிருக்கிறார், இந்தச் சொத்து திருஅவைக்கு வேண்டாம். அடுத்து அவர் சொன்னதுதான் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது. சேர்ந்து வாழ மறுப்பவர் குருவாகவே இருக்க முடியாது என்று முன்பு முடிவு செய்திருந்தேன், இப்போது அந்த முடிவை மாற்றுகிறேன் என்றார். தனிச்சொத்தோடு வாழ விரும்புகிறவர் வெளியே போய் இருக்கட்டும், குருப்பட்டத்தைப் பறிக்க மாட்டேன், உள்ளே இருந்துகொண்டு நடிப்பவர் மட்டும் எனக்கு வேண்டாம். யோசித்து முடிவு சொல்ல, ஜனவரி தொடக்கத்தில் வரும் திருக்காட்சிப் பெருவிழா வரை அவகாசமும் கொடுத்தார்.

அந்த நாள் வந்தது. திருத்தொண்டர் ஒருவர் அந்த நான்காம் அதிகாரத்தை வாசித்தார். அகுஸ்தினார் ஏட்டைத் தாமே கையில் வாங்கி, அதே பகுதியை இன்னொரு முறை வாசித்தார். அப்புறம் தம் வீட்டாரின் சொத்து விவரத்தை மக்கள் முன்னால் விளக்கினார். எல்லோரும் சேர்ந்து வாழவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். இனி யாராவது மறைத்து வைத்திருந்தால் குருக்கள் பட்டியலிலிருந்து பெயரை அழித்துவிடுவேன் என்று எச்சரித்துவிட்டு, மக்களையும் விட்டுவைக்கவில்லை. எனக்கு விலையுயர்ந்த மேலாடை கொண்டுவராதீர்கள், ஒரு திருத்தொண்டர் போட்டுக்கொள்ளக்கூடியதைக் கொடுங்கள், இல்லையென்றால் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

இந்த மறையுரைகள் இரண்டும் இன்றும் கிடைக்கின்றன. வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஏனென்றால் சொத்தைப் பகிர்வது பற்றி நாங்கள் நிறையப் பேசுகிறோம். உண்மையைப் பகிர்வது பற்றி அவ்வளவு பேசுவதில்லை. எங்கே போனேன், யாரோடு பேசினேன், எவ்வளவு செலவழித்தேன், எதற்காக இரவெல்லாம் தூங்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு சகோதரன் வீட்டில் இருக்கிறானா? அவன் கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்வேனா? குழும வாழ்வு என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

வரலாறு நெடுகிலும் இதைப் பலர் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர ஆயர் குரோடகாங் தம் பேராலயக் குருக்களுக்கு ஒரு கூட்டு வாழ்வு ஒழுங்கை எழுதினார். உரோமையில் பிலிப்பு நேரியின் ஒராட்டரி என்ற குருக்கள் குழுமத்துக்குத் திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1575இல் ஒப்புதல் தந்தார். அங்கே துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வார்த்தைப்பாடு எதுவும் கிடையாது, அன்பு மட்டும்தான் கட்டு. அதுதான் இருப்பதிலேயே கடினமான கட்டு என்று அங்கே வாழ்பவர்களே ஒப்புக்கொள்வார்கள் என நினைக்கிறேன்.

கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1621இல் 22 வயதில் இறந்த இயேசு சபை மாணவர் புனித ஜான் பெர்க்மான்ஸ், பொது வாழ்வே என் மிகப் பெரிய தவம் என்றாராம். அவர் உடலை உறுத்தும் மயிர்ச்சட்டையைத் தவமாக அணிவதைச் சொல்லவில்லை, பக்கத்து அறைக்காரரைச் சொல்கிறார். ஒருவருக்கு மின்விசிறி ஓட வேண்டும், இன்னொருவருக்குச் சளி. ஒருவர் காலைச் செபத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் முதல் திருப்பாடல் முடியும்போது செருப்புச் சத்தத்தோடு நுழைவார். திருப்பாடல் 133 என்ன சொல்கிறது? ‘சகோதரர் ஒன்றுபட்டு வாழ்வது எத்துணை நன்று, எத்துணை இனியது!’ நன்று சரி. இனியது என்பது எல்லா நாளும் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2013இல் திருத்தந்தையான பிரான்சிஸ், தமக்கென இருந்த மாளிகை அறைகளுக்குப் போகாமல், வத்திக்கானில் பலரும் தங்கும் சாந்தா மார்த்தா இல்லத்திலேயே இருந்துவிட்டார். ஏன் என்று பள்ளி மாணவர்கள் கேட்டபோது, எளிமையைக் காரணமாகச் சொல்லவில்லை, மனநலக் காரணம் என்றார் சிரித்துக்கொண்டே. மனிதர்கள் நடுவில் வாழ வேண்டியது தமக்குத் தேவை, தனியே இருக்கத் தம்மால் முடியாது என்றார். ஞாயிறன்று நூற்றுக்கணக்கானவர்களோடு கைகுலுக்கிவிட்டு, இரவு தனியாகக் கதவைப் பூட்டிக்கொள்ளும் குருக்களுக்கு அது விளங்கும்.

மறுபடி ஹிப்போவுக்கு வருகிறேன். அகுஸ்தினாரோடு வாழ்ந்த பொசிதியுஸ் என்ற ஆயர் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை நமக்கு வர்ணித்திருக்கிறார். கரண்டிகள் மட்டும் வெள்ளி, மற்ற பாத்திரங்கள் மண்ணாலும் மரத்தாலும் பளிங்காலும் ஆனவை. மேசைக்கென்று ஒரு ஈரடிக் கவிதை எழுதி வைத்திருந்தாராம் அகுஸ்தினார்: இங்கில்லாதவரின் வாழ்வைச் சொற்களால் கொறிக்க விரும்புகிறவர், இந்த மேசை தமக்கில்லை என்று அறிக. ஒருநாள் விருந்துக்கு வந்த ஆயர்களே அதை மறந்து யாரையோ பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நெருங்கிய நண்பர்கள்தான். ஒன்று அந்த வரிகளை அழித்துவிட வேண்டும், அல்லது நான் பாதியில் எழுந்து என் அறைக்குப் போக வேண்டும் என்றாராம் அகுஸ்தினார்.

எங்கள் வீட்டில் அப்படி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. குருவான புதிதில் நாங்கள் மூன்று பேர் ஓர் இல்லத்தில் இருந்தோம். மூத்தவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாளியை உருட்டுவார், எல்லாக் கதவையும் திறந்து மூடுவார். ஒரு மதியம் அவர் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். வர நேரமாகும் என்ற தைரியத்தில் நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டே வாளியில் ஆரம்பித்து, அவருடைய மறையுரை, கையெழுத்து, நடை என்று போய்க்கொண்டே இருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்கிறார்.

“என்ன தம்பி, யாரைப் பற்றிப் பேச்சு?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நண்பர்தான் வாய் திறந்தார். “உங்களைப் பற்றித்தான், ஃபாதர்.”

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி, முதலிலிருந்து சொல்லுங்கள். நானும் கேட்கிறேன்.”