ஊட்டி பூங்காவில் ஒரு ஜனவரி காலை: செடிக்கும் குளிரும்!

வணக்கம் மக்களே! மைக்கில் கோளாறு என்று நினைக்காதீர்கள், பல் கிடுகிடுக்கும் சத்தம்தான் அது. மணி ஏழு. ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா கேட்டை இப்போதுதான் திறந்தார்கள். டிக்கெட் வாங்கிய முதல் ஆளே நான்தான் போல.

"அங்கே வருஷம் பூராவும் பூ இருக்குமா?" என்று போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு வந்தால் பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். அதனால் வேண்டுமென்றே ஜனவரியில் வந்தேன்.

இதோ, பெரிய புல்வெளி. உப்பு கொட்டிவைத்த மாதிரி இருக்கிறதா? உறைபனி. இருங்கள், குனிந்து கிட்டத்தில் காட்டுகிறேன். ஒவ்வொரு புல் நுனியிலும் ஊசி ஊசியாக நிற்கிறது பாருங்கள். அடடா, மூச்சு பட்டு லென்ஸ் மங்கிவிட்டது! சரி, துடைத்தாயிற்று. வந்தால் இதில் நடந்துவிடாதீர்கள். உறைந்த புல்லை மிதித்தால் அந்த இடம் கருகிப்போகும்.

அப்புறம் பூ எங்கே? அங்கேதான் விஷயமே. பாத்தி ஓரத்தில் குச்சி குச்சியாகச் சாய்த்து வைத்திருக்கிறார்களே, அதைக் கோத்தகிரி மிலார் என்கிறார்கள். செடிகளுக்கு மேல் பந்தல் மாதிரி கவிழ்த்திருக்கிறார்கள். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், இலை நனையாமல் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "மூடாம விட்டா ஒரே ராத்திரில இலையெல்லாம் கருகிப் போயிரும் தம்பி" என்றார். வானம் தெளிவாக இருக்கும் இரவில்தான் தரைச் சூடு மேலே போய்ப் பனி உறைகிறது. அதோ, வெயில் ஏறுவதற்குள் குழாயில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுகிறார்கள். விடியற்காலை வேலை இது. நாம் எடுக்கும் செல்ஃபியில் எப்போதாவது வருமா சொல்லுங்கள்?

1848இல் மெக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர் தொட்டபெட்டா அடிவாரத்தில் போட்ட தோட்டம், சுமார் 55 ஏக்கர். 2 கோடி வருஷப் பழமையான கல்மரம், அதாவது கல்லாகவே மாறிப்போன மரம், குளத்துப் பக்கம் கிடக்கிறது. எல்லோரும் அதன்முன் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும்தான்.

எனக்குப் பிடித்தது நாற்றங்கால் பக்கம். வரிசை வரிசையாகத் தொட்டிகள், எல்லாம் வெறும் மண். சிலவற்றில் விரல் நீளத்துக்குப் பச்சை. மே மாதம் நீங்கள் பார்க்கும் சால்வியா, பெட்டூனியா, பான்சி எல்லாம் இப்படித்தான் மாதக்கணக்கில் வளர்கின்றன. பூக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு விதைக்கிறார்கள். அது முடிந்ததும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனுக்கு மறுபடி விதைப்பு. ஆக, செடி தானாகப் பூத்துக்கொண்டிருக்கும் இடம் இல்லை இது, பாருங்கள்.

சரி, பூ பார்க்காமல் அனுப்பமாட்டேன். கண்ணாடி மாளிகைக்குள் வந்துவிட்டோம். வெளியே அத்தனை குளிர், இங்கே பிகோனியா சிவப்பும் ஆரஞ்சுமாக நிற்கிறது. ஜனவரியில் வந்தால் முதலில் இங்கே வந்துவிடுங்கள்.

போன் சார்ஜ் 9 சதவீதம் காட்டுகிறது, குளிரில் படுத்துவிட்டது. கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போகிறேன். பை மக்களே!